கப்பல் ஏறுவதற்கு முன் கரியாலூர் பஸ் ஏறிய கதை

குளிர்காலம் வந்தால் நாங்கள் குளிரான ஊருக்குத்தான் போவோம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. எல்லோரும் போனார்கள், நாங்களும் போனோம். போன ஜனவரியில் கொடைக்கானலில் மூன்று நாள் தங்கியபோது நான் குரங்குக் குல்லாயைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினேன். அதுவும் ஒரே ஒரு நாள்தான் குளித்தேன். என் மனைவி மெஹர் விடிந்தும் விடியாமலும் ஏரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பினாள். போர்வைக்குள் இருந்து மூக்கை மட்டும் நீட்டிய என்னைப் பார்த்தாள். "அடுத்த வருஷம் வெயிலடிக்கிற ஊரா பாருங்க. துணியோட சேத்து உங்களையும் காயப் போடணும்" என்றாள். இந்தப் பதிவுக்கு மூலகாரணம் அந்தப் போர்வைதான்.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷபானா, "வெயிலும் வேணும், அலையவும் கூடாதுன்னா கப்பல்ல போங்க அத்தா" என்று நவம்பரில் யோசனை சொன்னாள். ஏதோ ஓர் இணையதளத்தில் தேடியிருக்கிறாள். 'சுறுசுறுப்பான தம்பதிகளுக்கான நிதானமான குளிர்காலக் கப்பல் பயணம்' என்று தலைப்பாம். நீங்கள் சுறுசுறுப்பான தம்பதியா என்று அதில் கேட்டிருந்தார்களாம். ஆமாம் என்று தட்டிவிட்டாள். அது பாதிதான் உண்மை. சுறுசுறுப்பு மெஹர், தம்பதி நான். அவள் தினமும் பைபாஸ் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறாள். நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டாள். நான் கடையில் ஸ்டூல் மேல் ஏறினாலே பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

மகள் மூன்று பயணங்களைப் பொறுக்கி, தமிழில் எழுதி அனுப்பினாள். முதலாவது, சென்னையில் ஏறி இலங்கையைச் சுற்றி மறுபடி சென்னைக்கே வருவது. ஐந்து இரவு, மூன்று துறைமுகம், கடலிலேயே இருக்கும் நாள் ஒன்று. இரண்டாவது, கொச்சியில் ஏறி மும்பையில் இறங்குவது. அதுவும் ஐந்து இரவுதான். லட்சத்தீவில் ஒரு பகல், கோவாவில் ஒரு பகல், நடுவில் முழுசாக இரண்டு நாள் கடல். மூன்றாவது சிங்கப்பூர். கப்பல் ஏறுவதற்கு விமானம் ஏற வேண்டும் என்றதும் அதை மூன்று பேரும் ஒரே குரலில் தள்ளிவிட்டோம். மிச்சம் இரண்டு. நாங்கள் விசாரித்த வாரத்தில் இரண்டுமே ஜன்னல் உள்ள அறைக்கு ஆளுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. இரண்டிலும் ஓர் அறையை மகள் பிடித்து வைத்தாள். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லாவிட்டால் இரண்டும் போய்விடும்.

சனிக்கிழமை சாப்பிடும்போது ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். பதினைந்து வருடம் முன்னால் ஏற்காடு போனபோது மலை வளைவில் மெஹர் வாந்தி எடுத்தாள். பஸ்ஸிலேயே இப்படி என்றால் கப்பல் என்ன ஆகும்? அவள் தட்டை ஓரமாகத் தள்ளினாள். "அப்ப என்னாலதான் போவ முடியலன்னு ஆயிடும்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. என் கடைக்கு வருகிறவர் யாரும் செருப்பைப் போட்டு நாலு அடி நடந்து பார்க்காமல் வாங்குவதில்லை. இருநூறு ரூபாய் செருப்புக்கே அப்படி என்றால் ஒரு லட்ச ரூபாய்க் கப்பலுக்கு? அப்படித்தான் அந்த யோசனை எனக்கு உதித்தது. நாளைக் காலை கல்வராயன் மலைக்கு பஸ் ஏறுவது. வளைவுகளில் அவள் தாங்குகிறாளா என்று பார்ப்பது. அப்புறம் கரியாலூர் படகுத்துறையில் தண்ணீரில் மிதந்து பார்ப்பது. அவள் வாந்தி எடுத்தால் கப்பல் கிடையாது. எடுக்காவிட்டால் எந்தக் கப்பல் என்று அவளே சொல்லிவிடலாம்.

"சரி, போவலாம்" என்று உடனே எழுந்து, அலாரம் வைக்கப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. கடையை ஐந்து நாள் விட்டு இருந்ததும் இல்லை. அவள் ஒரு தடவை, சின்னதாக ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தால் தேவலை என்று மனசுக்குள் ஆசைப்பட்டேன்.

ஞாயிறு காலை 6.40க்கு கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டி புறப்பட்டது. டிக்கெட் ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். கரியாலூருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம் என்று போன் காட்டியது. சோதனை அவளுக்குத்தானே என்ற தைரியத்தில் நான் நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, இரண்டு வடை, ஒரு பொங்கல், ஒரு காபி முடித்திருந்தேன். அவள் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள். அரை டம்ளர் வெந்நீர் குடித்தாள்.

வடக்கனந்தல் வரை இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும். மழை பெய்து ஓய்ந்த மாதம் என்பதால் எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை. தண்ணீர் நிறைய இருந்தது. "கடல் இத விடப் பெருசா இருக்குமா?" என்றேன். "கடலூர்ல பாத்திருக்கீங்களே" என்றாள். பார்த்திருக்கிறேன்தான். கரையில் நின்று பார்ப்பது வேறு. நடுவில் நின்று பார்த்தால் நான்கு பக்கமும் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ராத்திரி கப்பல் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? தொழ நிற்கும்போது பாதியில் கப்பல் திரும்பிக்கொண்டால் திசை என்ன ஆகும்? இப்படிக் கேட்டுக்கொண்டே வந்தேன். அணை தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. கேள்விகள் நின்றன.

முதல் வளைவில் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். நன்றாக இருந்தாள். இரண்டாவது வளைவில் வெளியே எதையோ காட்டி, "அந்த மரத்தப் பாருங்க" என்றாள். மூன்றாவதில் எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. நான்காவதில் நடத்துநர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"பாய், ஜன்னல் பக்கம் மாறி குந்துங்க. வண்டி உள்ள வுட்டுடாதீங்க, புண்ணியமாப் போவும்!"

ஜன்னல் வரை போக நேரம் இல்லை. மெஹர் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து விரித்துப் பிடித்தாள். அது அவள் தனக்காகக் கொண்டு வந்தது. இட்லி, வடை, பொங்கல், காபி எல்லாம் ஏறிய வரிசைக்கு நேர்மாறாக இறங்கின.

"யாருக்குப்பா டெஸ்ட்டு?" என்று அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

முன் இருக்கையில் இருந்த அம்மா திரும்பி, "இன்னா டெஸ்ட்டு?" என்று விசாரித்தார். மெஹர் கப்பல் கதையைச் சொன்னாள். அரை வண்டி சிரித்தது. அந்த அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "மோந்துகினே வாங்க. மலைக்கே இப்டின்னா கப்பல்காரன் உங்கள வழியிலயே எறக்கி வுட்டுடப் போறான்" என்றார்.

8.50க்குக் கரியாலூரில் இறங்கினோம். பனி இன்னும் விலகவில்லை. குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டேன். படகுத்துறை பத்து மணிக்குத்தான் திறக்கும். சீக்கிரம் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். டீக்கடை தவிர வேறு வேலை இல்லை. இரண்டு பேர் மிதிக்கும் படகுக்கு அரை மணி நேரத்துக்கு நூற்றிருபது ரூபாய் வாங்கினார்கள். சட்டை மாதிரி ஆரஞ்சு மிதவையைப் போட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மெஹர் மிதித்தாள். நானும் மிதித்ததாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் படகு ஒரே பக்கமாக வட்டம் போட்டதை வைத்துப் பார்த்தால் இல்லை போலிருக்கிறது.

கரைக்கு வந்ததும் மிதவையைக் கழற்றிவிட்ட படகுக்காரர் என் வெளிறிய முகத்தைப் பார்த்து விசாரித்தார். கடலூர் பக்கத்து ஆள். பத்து வருடம் மீன்பிடிக்கப் போனவராம். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னோம். தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சார் நீங்க! குட்டையில மெதந்து பாத்துட்டு கடலுக்குப் போவலாமான்னு கேக்கறீங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. பஸ்ல வர்றது வளைவுல வர்ற வாந்தி. கடல்ல வளைவு கெடையாது. தூக்கும், எறக்கும், அவ்ளோதான். பெரிய கப்பல்ல அதுவும் கம்மி."

"அப்ப எனக்கு வராதா?"

"வரும், வராது, அது யாருக்குத் தெரியும்? எனக்கே மொத மூணு நாள் வந்துது. அப்பறம் ஒடம்பு பழகிக்கும். வயித்தக் காலியாவும் வெக்காதீங்க, ரொம்பவும் ரொப்பாதீங்க. தலைய சுத்துச்சின்னா உள்ள படுத்துக்கினு இருக்காம வெளிய வந்து தூரமா, வானம் தண்ணியத் தொடற எடத்தயே பாருங்க. அறை எடுத்தா கப்பல் நடுவுல எடுங்க, கீழ் மாடியா. ஓரத்துலதான் ஆட்டம் ஜாஸ்தி."

இதைச் சொல்ல அந்த மனிதர் ஒரு பைசா வாங்கவில்லை. கப்பல் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

ஆக, என் சோதனை ஒன்றுக்கும் உதவாத சோதனை என்று பதினொரு மணிக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் பேச்சு பேச்சுதான். அவள் வாந்தி எடுக்கவில்லை. கப்பல் உண்டு. எது என்பதுதான் பாக்கி. திரும்பும் வண்டி 4.10க்கு. அதுவரை என்ன செய்வது என்று கேட்டோம். மூன்று கிலோமீட்டரில் ஒரு சின்ன அருவி இருப்பதாகப் படகுக்காரர் சொன்னார். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். சாலையோரம் இறங்கினால் ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அங்கிருந்து கீழே படிகளும் பாதையுமாக இறங்க வேண்டும். மெஹர் புடவையைத் தூக்கிச் செருகினாள். திருநாவலூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்து ஒன்றரை மணிக்கு இறங்கிப் போனாள். எனக்குக் கால் நடுக்கம் விடவில்லை என்று சொல்லி நான் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கால் நடுக்கம் பாதிக் காரணம். காலையிலிருந்து போனில் சிக்னல் இல்லை என்பது மீதி. கடையை மெஹரின் தம்பி சலீம் பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் சரக்கு வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாமல் உள்ளங்கை அரித்தது. நான் போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து டீக்கடை அம்மா, "அந்தப் பாறை மேல ஏறினா ஒரு கோடு வரும் சார். மரத்தப் பாத்து நிக்கணும்" என்றார். ஏறினேன். காலையில் ஏரிப்படகில் கால் நடுங்கிய மனிதன் பாறை மேல் ஒற்றைக் காலில் நின்று, "எட்டாம் நம்பர் வந்துதா? கருப்பா, பிரவுனா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். சலீம் ஏதோ சொன்னான். கோடு போய்விட்டது.

பிறகு டீயை வாங்கிக்கொண்டு மகள் எழுதி அனுப்பிய தாளைப் பிரித்தேன். பத்தாவது வரை படித்தவன்தான் என்றாலும் ஒரு விஷயத்தை நானே கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எத்தனை ஊர் என்று பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் தரையில் எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்று பார்க்க வேண்டும். இலங்கைக் கப்பலில் மூன்று ஊரிலும் தலா எட்டு மணி நேரம். லட்சத்தீவில் சின்னப் படகில் இறக்கி ஐந்து மணி நேரம்; கடல் முரண்டு பிடித்தால் அதுவும் ரத்தாகலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. மெஹர் மாதிரி நடக்கிற ஆளுக்கு இலங்கைதான் என்று முடிவு செய்து, பேனாவால் வட்டம் போட்டேன். என் பங்குக்கு நான் கப்பலிலேயே தூங்கிவிடலாம்.

மணி இரண்டே முக்காலைத் தாண்டியது. டீக்கடை அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வூட்டுக்காரம்மா எறங்கிப் போயி ஒன்னேகால் மணி நேரம் ஆச்சே சார்" என்றார். எட்டிப் பார்த்தேன். திருநாவலூர் குடும்பம் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. மெஹர் இல்லை. ஓடிப்போய் அவர்களை மறித்தேன்.

"அவங்க எங்க?"

"கீழதான் குந்தினு இருக்காங்கண்ணா" என்றார் அந்தக் குடும்பத்துப் பெண். "ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க. நீங்க எறங்கி வந்தாதான் ஏறுவாங்களாம். சொல்லச் சொன்னாங்க."

இறங்கினேன். ஈரப் படிகள், பாசி, பிடிக்கக் கம்பி கிடையாது. பாதி வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஆனது. அருவி என்பது இரண்டு ஆள் உயரம்தான். அதன் கீழே ஒரு பாறையில் அவள் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பஸ்சு போயிடும் மெஹர்."

"போவட்டும். செருப்பக் கழட்டிட்டு குந்துங்க."

குந்தினேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, வட்டத்தைக் காட்டி, எட்டு மணி நேரக் கணக்கை விளக்கினேன். மூன்று ஊரிலும் நீ இஷ்டத்துக்கு நடக்கலாம் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நடக்கறதுக்கு எனக்குக் கப்பல் எதுக்குங்க? பைபாஸ் ரோடு இருக்குது."

"அப்பறம் எதுக்குத்தான் கப்பல்?"

"ஊட்டியில ரூம வுட்டு வெளிய போயி போன் பேசினு இருந்தீங்க. கொடைக்கானல்ல சோத்துல கை வெச்சிட்டு எழுந்து போனீங்க. இன்னிக்கு அந்தப் பாறை மேல ஏறினீங்க, எனக்கு இங்க வரைக்கும் கேட்டுது, கருப்பா பிரவுனான்னு. கப்பல்ல எங்க போவீங்க? சுத்தித் தண்ணி." காலால் தண்ணீரைத் தள்ளினாள். "இருபத்தாறு வருஷத்துல ஒரு முழு நாள் உங்க கூடப் பேசினு இருந்ததில்ல. புள்ளயும் மெட்ராசுக்குப் போயிட்டா. இனிமே வூட்ல நீங்களும் நானுந்தான். எப்டி இருக்கும்னு தெரிய வேணாமா?"

என் வாயில் வந்தது இதுதான்: "ரெண்டு நாள் முழுசா கடல்னா எனக்கு வாந்தி வரும் மெஹர்."

"வரட்டும். காலைல கவரு நாந்தான புடிச்சேன்."

தாளில் இலங்கை மேல் போட்ட வட்டத்தை அடித்துவிட்டு, கொச்சி மேல் அவள் கையால் ஒரு வட்டம் போடச் சொன்னேன். பேனா ஈரத்தில் எழுதவில்லை. நகத்தால் கீறினாள்.

4.10 வண்டியை 4.09க்குப் பிடித்தோம். இறங்கும்போது வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தூரத்து அணையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. படகுக்காரர் சொன்னது மலையிலும் பலித்தது. நடத்துநர் மட்டும் கடைசிவரை என் பக்கத்திலேயே நின்றார்.

கப்பல் ஜனவரிக் கடைசியில். பொங்கல் வியாபாரம் முடிந்த பிறகு. இனிமேல்தான் போகப் போகிறோம். அதனால் கப்பலைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தேர்ந்தெடுப்பதைப் பற்றி மட்டும்தான் தெரியும். எங்களைப் போல யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். மலை பஸ்ஸில் சோதித்துப் பார்க்காதீர்கள். வாந்தி மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அது போதும். அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில். துறைமுகங்களை எண்ணாதீர்கள், தரையில் நிற்கும் மணி நேரத்தை எண்ணுங்கள். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கப்பல்காரர்களே வாங்கித் தருகிறார்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ஹலால் சாப்பாடு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கிற ஆள் யாராவது இருந்தால், மேல் தளத்தில் நடைப்பாதை இருக்கிறதா, எத்தனை சுற்று ஒரு கிலோமீட்டர் என்று விசாரியுங்கள். எங்கள் கப்பலில் மூன்றரைச் சுற்றாம். எல்லாவற்றுக்கும் மேலே, கூட வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள். நான் நானாக ஊகித்து, பேனாவால் வட்டமும் போட்டவன்.

இணைய வசதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடுக்கடலில் போன் எடுக்காது. கப்பலின் வைஃபைக்குத் தனிப் பணம். அன்று மாலை ஆறரைக்கு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றபடியே ஷபானாவைக் கூப்பிட்டு, கொச்சிக் கப்பல் என்று சொன்னேன். பெயர், வயது, அறை எல்லாம் போட்டு முடித்தாள். "அத்தா, வைஃபை அஞ்சு நாளைக்கும் சேத்துப் போட்டுடறேன். கடைக்குப் பேசணும்ல?" என்று கேட்டாள். மெஹர் பக்கத்துத் தள்ளுவண்டியில் கொய்யாப்பழத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது.

"வேணாம்மா" என்றேன்.

என் மகள் கேட்டாள்:

"ஹலோ, யாரு பேசறது?"